நான் பொம்மை என்று சொன்ன துவக்கு

போன வியாழனிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வயது என்கிறார்கள் வீட்டில். இல்லை... ஒரு துவக்கு.

அளவெட்டியில் நண்பர் தில்லையின் வீட்டில் ஓடு மாற்றினார்கள். குசினிக் கூரை வளையின் மேலிருந்து, குழலும் விசையுமாக ஒரு பழைய துவக்கு இறங்கியது. ஐம்பது வருடங்களுக்கு முன் நாங்கள் நாடகத்தில் பாவித்தது. இந்த வருட வாசிகசாலை விழாவுக்கு ஊர்ப் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். புதுசாகப் பெயின்ற் அடிக்கலாம் என்று நான்தான் சாண்ட்பேப்பரால் தேய்த்தேன்.

பழைய பெயின்ற் போனது, அடியில் இருந்த காய்ந்த கிரீஸ் போனது. இரும்பில் ஒரு பூ. எண்ணினேன் — பதினாறு இதழ்கள். ஜப்பானிய அரச முத்திரை!

தில்லையின் அப்பா, ஜப்பான்காரன் பிடித்திருந்த மலாயாவில் ரெயில்வே கிளார்க். உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியின் அடியில் இது கிடந்தது. அவர் இறந்த பிறகு தில்லை என்னிடம்தான் காட்டினார். நான் சரித்திர வாத்தியார் அல்லவா?

அன்று பார்த்தேன். பிடியின் அடியில் தகடு இல்லை, ஆணி அடித்த பலகைத் துண்டு. மரம் சரியாகச் சீவப்படவில்லை. இரும்பெங்கும் அரத்தால் அராவிய கீறல். “ஜப்பான்காரன் இப்படி வேலை செய்வானோ? ஆரோ நாடகத்துக்குச் செய்த பொம்மை” என்று தீர்ப்புச் சொன்னேன்.

தோற்கும் காலத்தில் ஜப்பானில் இரும்பும் இல்லை, நேரமும் இல்லை என்று வருடாவருடம் படிப்பித்தவனும் நான்தான். அந்த அவசரத்தில் செய்த துவக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

பக்கத்து வீட்டு சுகந்தி கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவள். கூப்பிட்டோம். வாசல் படலையில் நின்றே கத்தினாள். “சேர், கையை எடுங்கோ! ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!”

பொலிஸ் வந்தது, ஆமி வந்தது. எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டி, துவக்கின் துருப்பிடித்த பூட்டைத் திறந்தார்கள்.

உள்ளே ஒரு சன்னம் — வெடிக்காத தோட்டா.

அன்றைய நாடகத்தில் நான் வெள்ளைக்காரத் துரை. தில்லை கைதி. அவர் நெஞ்சில் அதை வைத்து விசையை இழுத்தேன். அசையவில்லை. திரைக்குப் பின்னால் சீனவெடி. தில்லை விழுந்தார். கைதட்டல்!

“எத்தினை தரம் இழுத்தனீங்கள், சேர்?” நாடகக் கதையைச் சொன்னபோது சுகந்தி கேட்டாள்.

“ஒருக்கா.”

“பொய் சொல்லாதையும் மாஸ்டர்,” என்றார் தில்லை. “ஒத்திகையோடை நாலு தரம். இறுகிப் போச்செண்டு என்னைத்தானே ஏசினனீர்!” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். “உம்மடை சொல்லை நம்பித்தான் வீட்டிலை வைச்சிருந்தனான். சண்டைக் காலத்து ஆமிச் சுற்றிவளைப்பிலை கண்டிருந்தா, மாஸ்டர் பொம்மையெண்டு சொன்னவர் எண்டால் விட்டிருப்பாங்களே?”

பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடுவது என் தொழிலாகவே இருந்தது. எத்தனை ஆயிரம் பரீட்சைத் தாள்கள்! கோணல் எழுத்து, கசங்கிய தாள், அடித்துத் திருத்திய வரி — வாசிக்க முன்னரே சிவப்புப் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

தில்லையைத் துரு காப்பாற்றியது. அந்தத் தாள்களை எழுதிய பிள்ளைகளை?