இரண்டாவது தடவையும் சொன்ன லாரிக்காரர்

நாலு வருஷம் முன்பு, ஆனி மாதக் கடைசி நாள். பீளமேட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன பட்டறை இருக்கிறது. பம்புக்கான பாகங்களைக் கடைந்து கொடுக்கிறோம். தாராபுரத்தில் பழைய லேத் ஒன்று வாங்கியிருந்தேன். மறுநாள் ஆடி பிறந்துவிட்டால் வீட்டார் மெஷினைப் பட்டறைக்குள் ஏற்ற விடமாட்டார்கள். கிரேன்காரரும் மதியம் வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையிலிருந்தே நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

மெஷினைத் தூக்க நைலான் பெல்ட் இரண்டு புதிதாக வாங்கி வைத்திருந்தேன். நானே கட்டினேன். கிரேன் லேத்தை லாரியிலிருந்து தூக்கி, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் மெல்லக் கொண்டு வந்தது. அது ஆடாமல் இருக்க நான் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டே கூட நடந்தேன்.

லாரியைத் தள்ளி நிறுத்திவிட்டு, கையெழுத்துக்காகக் காத்திருந்த டிரைவர் கிட்டே வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க, மெஷினோட அடி விளிம்பு கத்தியாட்டம் இருக்குது. பெல்ட்டுக்கு அடியில ஒண்ணும் வெக்காம தூக்கறீங்களே? எறக்கி ஏதாவது வெச்சுப்போட்டுத் தூக்குங்க."

"பெல்ட்டு புதுசு. உங்க வேலை லாரி ஓட்டறது, அதைப் பாருங்க" என்றேன். எல்லோர் முன்னாலும்தான்.

அவர் முகம் சுருங்கியது. திரும்பி இரண்டடி போனார். போனவர் நின்று மறுபடியும் வந்தார்.

"சரிங்க, நான் சொல்லலை. நீங்க மட்டும் இந்தப் பக்கம் வந்துருங்க. மெஷின்ல கயித்தைக் கட்டித் தூர நின்னு புடிங்க."

ஆளை வாயடைக்க வேண்டும் என்றுதான் கையை எடுத்துவிட்டு அவரிடம் போனேன். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பெல்ட் அறுந்து, நான் நின்ற இடத்தில் லேத் தலைகுப்புற விழுந்து கிடந்தது. அதன் ஒரு மூலை சிமென்ட் தரையை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. கிரேன்காரர் பதறி இறங்கி ஓடி வந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த விளிம்பு தெரியவே தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரிக்காரர்தான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "அடி ஒண்ணும் படலீங்களே?" என்று கேட்டார். 'நான்தான் சொன்னேனே' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

பக்கத்துப் பட்டறையில் வேறு பெல்ட் வாங்கி வந்தோம். லாரிக்காரர் ஒவ்வொன்றையும் நுனி முதல் நுனி வரை விரலால் தடவிப் பார்த்து, ஓரம் பிசிறியிருந்த ஒன்றைத் தள்ளி வைத்தார். பிறகு தன் கேபினிலிருந்து தீயணைப்பு வண்டியின் பழைய கித்தான் தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை எடுத்து வந்து, தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி பெல்ட்டில் மாட்டி, விளிம்பு படும் இடத்துக்கு நகர்த்தினார். லேத் பத்திரமாக உள்ளே போனது.

"மன்னிச்சுப்போடுங்ண்ணா" என்றேன்.

"அட, விடுங்க. அவசரத்துல ஒரு வார்த்தை வரத்தான் செய்யும். வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொல்லி முடித்ததும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவருக்குச் சாப்பாடு போட்டீங்களா?"

நான் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் பட்டறையில் அதற்கென்றே விற்கும் கெட்டியான உறையை மாட்டாமல் எந்தப் பெல்ட்டும் கொக்கிக்குப் போகாது. ஆனால் நான் நன்றியோடு நினைப்பது அந்த உறை வித்தையை அவர் காட்டிக் கொடுத்ததை மட்டும் அல்ல. அவமானப்பட்ட பிறகும் என் உயிருக்காகத் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னாரே, அந்த மனசைத்தான்.