இடப்பக்கத்தின் கடைசி வரி

இருபத்திரண்டு வருடம் சச்சிதானந்தன் புலம்பெயர்ந்து வந்த ஷாஃப்ஹவுசன் நகரத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். ஐம்பத்தாறாவது வயதில் பாத்திரம் கழுவும் திரவம் பட்ட இடமெல்லாம் கைத்தோல் வெடிக்கத் தொடங்கியது. இனிச் சமையலறைக்குள் போகவே கூடாது என்றார் தோல் வைத்தியர். வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகம் அவரை ஆறு மாதத்துக்கு ஒரு புரோக்கன்ஹவுஸுக்கு அனுப்பியது. சனங்கள் தமக்கு வேண்டாமென்று கொடுக்கும் தளபாடம், உடுப்பு, கோப்பை, புத்தகம் எல்லாவற்றையும் மலிவு விலைக்கு விற்கும் கடை அது.

பொறுப்பாளர் மாயா. முப்பத்துநான்கு வயது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனின் பிள்ளை.

"அங்கிள், புத்தகப் பக்கம் நிக்கிறீங்களோ? அங்க நிக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை."

"எனக்கு டொச் பாஷை கதைக்கத்தான் வரும் பிள்ளை. வாசிக்கிறது கஷ்டம்."

"பரவாயில்லை. பிழை விட்டா திருத்துவம்."

பிழை விடத்தான் செய்தார். முதல் கிழமையே, நஞ்சுக் காளான்களைப் பற்றிய புத்தகத்தைச் சமையல் தட்டில் அடுக்கிவிட்டார். மாயா அதை எடுத்து வேறு தட்டில் வைத்தாள்.

வேலை எளிதாகத் தெரிந்தது. வரும் பெட்டிகளைப் பிரிப்பது, நல்லதைத் தட்டில் வைப்பது, மிஞ்சியதைக் கடதாசித் தொட்டியில் போடுவது. ஆனால் ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை. பழைய புத்தக வியாபாரி ஒருவர் செவ்வாய்தோறும் வருவார். ஒருநாள் ஒரே நாவலின் இரண்டு பிரதிகளைக் கையில் எடுத்தார். ஒன்றைப் பைக்குள் வைத்தார், மற்றதைத் தட்டிலேயே விட்டார். இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே எழுத்தாளர், ஒரே படம். விட்ட பிரதிதான் புதிதாகவும் இருந்தது.

சச்சிதானந்தன் வெட்கப்படாமல் காரணம் கேட்டார். வியாபாரியும் மறைக்காமல் சொன்னார். ஒன்று புத்தகக் கடையில் விற்றது. மற்றது புத்தகக் கழகத்தின் பிரதி. முன்பு வீட்டுக்கு வீடு அங்கத்தவர் இருந்தார்கள். காலாண்டுக்கு ஒருமுறை ஒரு புத்தகம் குறைந்த விலையில் தபாலில் வரும். பதிப்பகத்திடம் உரிமை வாங்கிக் கழகமே தனியாக அச்சிடும். சேகரிப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

"தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்" என்றார் அவர். அங்கே பொடி எழுத்தில் 'லிட்சென்ஸ்அவுஸ்காபெ' என்று இருந்தது. உரிமம் பெற்று அச்சிட்டது என்று பொருள்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் தேடினார். சொல் இல்லாத இடத்தில் வேறு அடையாளங்களைத் தேடினார். வீட்டிலிருந்து மா நிறுக்கும் தராசைக் கொண்டு வந்து இரண்டு பிரதிகளையும் நிறுத்தார். கழகத்துப் பிரதி எண்பது கிராம் குறைவு. தாள் மெல்லியது. உயரமும் ஒரு நகக்கண் அளவு குறைவு. கடைப் பிரதியில் நீண்ட புத்தக எண் இருக்கும் இடத்தில் கழகத்துக்கு நாலைந்து இலக்கம்தான். எழுத்தைப் பொடியாக்கி, பக்கத்தைக் குறைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். கழகத்துப் பிரதிகள் குவிந்துகொண்டே இருந்ததால் அவற்றில் பெரும்பாலானவை நேரே தொட்டிக்குப் போயின.

நவம்பரில் உர்சுலா மைஸ்டர் என்ற பெண் வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு நாவல். அம்மாவுக்கு வாங்கினாராம், ஆனால் அம்மா வேண்டாம் என்கிறாராம். கடைக்கே தந்துவிட்டுப் போக வந்திருந்தார். சச்சிதானந்தன் புரட்டிப் பார்த்தார். அசல் கடைப் பிரதி, முதல் பதிப்பு. தந்துவிட வேண்டிய புத்தகம் அல்ல.

"ஏன் வேண்டாம் என்கிறார்?"

உர்சுலா சொன்னார். அம்மா ஹெட்விக்குக்கு எண்பத்தெட்டு வயது. பக்கவாதத்துக்குப் பிறகு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீடு காலி செய்தபோது அவருடைய புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். தேடி வாங்கிக் கொடுத்தால், இது என்னுடையது இல்லை என்கிறார்.

"பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் என்று ஒரு வரி. அது இடப்பக்கத்தில், அடியில் இருக்கும் என்று அடம்பிடிக்கிறார். இதில் வலப்பக்கத்தில், மேலே இருக்கிறது. நினைவு போய்க்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?"

சச்சிதானந்தன் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"உங்கள் அம்மா புத்தகக் கழகத்தில் இருந்தாரா?"

"இருந்தார். வருடக்கணக்காக."

"அப்படியானால் உங்கள் அம்மாவின் நினைவு சரி. புத்தகம்தான் வேறு. கழகத்துப் பிரதியில் அந்த வரி வேறு இடத்தில் வரும்."

சச்சிதானந்தன் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, கழகத்துப் பிரதியைத் தேடித் தருவதாகச் சொன்னார்.

தட்டில் அந்தப் பிரதி இல்லை. பின்பக்கத் தொட்டிகளில் தேடினார். அதற்கு முதல்நாள்தான் லொறி வந்து ஏற்றிப் போயிருந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். மனைவி பிரசாந்தினி என்னவென்று கேட்டார்.

"அந்தப் புத்தகத்தை நானே எத்தினை தரம் தொட்டியில போட்டிருப்பன் எண்டு யோசிக்கிறன்."

"அப்ப வேற இடத்தில கேட்டுப் பாருங்கோவன். உங்கட கடை மட்டுமோ இருக்கு?"

அடுத்த நாள் மாயாவிடம் அனுமதி வாங்கி, மற்ற ஊர்க் கடைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தார். சிலர் சிரித்தார்கள்: கழகத்துப் பிரதியை யாராவது தேடுவார்களா? மூன்றாவது கிழமை ஆராவ் நகரக் கடையில் ஒருவர், அந்தத் தலைப்பு இருக்கிறது, எந்தப் பிரதி என்று தெரியாது என்றார். சச்சிதானந்தன் ஓய்வு நாளில் ரயிலேறிப் போனார். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினார், சொல் இருந்தது. பிறகு விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு இடப்பக்கத்தின் அடியையும் பார்த்தார். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் வாளி இருந்தது.

உர்சுலா அவரையும் இல்லத்துக்கு வரச் சொன்னார். ஹெட்விக் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இடக்கை மட்டும்தான் இயங்கியது. புத்தகத்தை மடியில் வைத்ததும் அட்டையைத் தடவினார். பிறகு தாள்களைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, இரண்டு தடவை தாண்டிப்போய், திரும்பி வந்து நிறுத்தினார். விரலை இடப்பக்கத்தின் அடியில் வைத்தார்.

"இங்கே" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "சொன்னேன்தானே" என்றார்.

உர்சுலா அம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்து அழுதார். ஒரு வருடமாக அம்மா சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டே இருந்தேன், அதில் எவ்வளவு சரியாக இருந்ததோ தெரியாது என்று திரும்பிப் போகும் வழியில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் திருத்துவதில்லை, கேட்கிறார். ஹெட்விக் தான் பிறந்த தெரு, பள்ளிக்கூடம், செத்துப்போன தங்கை என்று பலதும் சொன்னார். உர்சுலா எழுதி வைக்கத் தொடங்கினார்.

புரோக்கன்ஹவுஸை நடத்தும் சங்கத்துக்கும் உர்சுலா ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று சச்சிதானந்தன் கேட்கவில்லை. மாயா அந்தக் கடிதத்தோடு கூட்டத்துக்குப் போய், புத்தகப் பகுதிக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்று வாதாடினாள். கழகத்துப் பிரதிகளில் தலைப்புக்கு ஒன்றாவது இனி வைத்திருக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதற்கென்று சச்சிதானந்தனே பின்னறையில் ஒரு தட்டு அடித்தார்.

மார்ச்சில் ஒப்பந்தம் வந்தது. கிழமைக்கு மூன்று நாள் வேலை. இரண்டு பக்கத்தையும் அவரே வாசித்தார். அரை மணித்தியாலம் எடுத்தது. மாயா பேனையை மேசையில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தாள்.

"விளங்காத இடம் ஏதும் இருக்கோ அங்கிள்?"

"ஒண்டு இருக்கு. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு இதில போடேல்லை."

மாயா சிரித்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். வாசலில் யாரோ வாகனத்திலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.