சிலையும் சேலையும்

இப்போது என் படைப்புகளைப் பெரிய கலைக்கூடங்களில் வைக்கிறார்கள். ‘தொடாதீர்கள்’ என்று அட்டை எழுதி, பக்கத்தில் ஒரு காவலாளியையும் நிறுத்துகிறார்கள். யாரும் தொடுவதில்லை. அப்போதெல்லாம் தென்காசியில் எங்கள் தெரு நினைவுக்கு வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சென்னையில் சிற்பம் படித்தேன் என்பதை இன்றும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது அம்மா ஒரு வருடம் கெடு வைத்தாள். அதற்குள் ஒன்றும் அமையாவிட்டால் பி.எட். சேர வேண்டும்.

அம்மாவும் தெருப் பெண்கள் சிலரும் குற்றாலத்தில் துப்புரவு வேலை செய்தார்கள். சீசனில் குளிக்க வருகிறவர்கள் விட்டுப்போகும் துணிகள் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும். அவற்றைக் குனிந்து குனிந்து இழுத்து எடுப்பது இவர்கள் பாடு. அந்தத் துணிகளைக் கேட்டு வாங்கித் துவைத்தேன். கெட்டியான ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, வைக்கோல் பொம்மைகள்மேல் போர்த்திக் காயவைத்து, பிறகு வைக்கோலை உருவினேன். குனிந்து நிற்கும் பெண்களாகத் துணி மட்டும் விறைத்து நின்றது.

நான் விண்ணப்பித்திருந்த ஓராண்டுக் கலை உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஓர் அம்மையார் அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. கெடு முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அன்று காலை பெண்கள் வேலைக்குப் போனதும், தெருவின் குறுக்கே கயிறு கட்டி உருவங்களைத் தொங்கவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று ஓர் ஆசை. நல்ல வெயில். மதியம் ரயிலடிக்குப் போனேன்.

அம்மையாரோடு ஆட்டோவில் திரும்பும்போது சாரல் விழுந்தது. தெருவில் வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்திருந்த எதிர்வீட்டு மதினி எங்கள் வாசலிலிருந்து கத்தினாள். “ஏட்டி, எங்கன போன? துணியெல்லாம் நனையுதுன்னு எடுத்து மடிச்சு வச்சிருக்கோம்.”

சீசனில் கொடியில் கிடப்பது யார் வீட்டுத் துணி என்று எங்கள் தெருவில் பார்ப்பதில்லை. சாரலை முதலில் பார்த்தவர் எடுத்து வைப்பார். பிறந்து வளர்ந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது.

“மதினி, அது துணியில்ல. சிலை!”

“சிலையா? சேலைன்னுல்லா நெனச்சோம்!” உள்ளே பெண்கள் சிரித்தார்கள். “மடிய மாட்டேன்னு அடம் புடிச்சுது. நாலு மிதி மிதிச்சுதான் மடிச்சோம். கஞ்சிய இப்படியாட்டி கொட்டுவ?”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

அம்மையார் உள்ளே வந்து, மடித்த துணி அடுக்கின் மேலிருந்த சின்னக் கவுனைத் தொட்டு, “இது எங்க கிடைச்சுது?” என்று கேட்டார். அவ்வளவுதான். “ஐந்தருவில”, “இல்லட்டி, பழைய குத்தாலத்துல” என்று சண்டை தொடங்கியது. துணி துணியாகப் பிரித்து, எப்படி எடுத்தார்கள், எங்கே வழுக்கி விழுந்தார்கள் என்று பொழுது சாயும்வரை சொன்னார்கள். அத்தனை நாள் அவர்களிடம் துணியை மட்டும் வாங்கிய நான், இதையெல்லாம் கேட்டதே இல்லை.

கிளம்பும்போது அம்மையார், “மடிச்சு வச்சுக் கதை சொல்லச் சொல்றது, இதுதான் உங்க படைப்பா?” என்றார். ஆமாம் என்றிருக்கலாம். கெடு கண்முன் நின்றது.

“இல்லைங்க. நான் செஞ்சதை இவங்க மடிச்சிட்டாங்க” என்றேன்.

கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் கடிதம் வந்தது. நான் தேர்வாகியிருந்தேன். ‘துணிகளும் அவற்றை எடுத்தவர்களின் பேச்சும்’ என்று என் படைப்பைப் பற்றி எழுதியிருந்தார்கள். வாசலில் நின்று உரக்கப் படித்தேன். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க பேச்சுன்னு போட்டிருக்கான்லா,” என்றாள் மதினி. “எங்க பேரு எங்கன இருக்கு, வாசி பாப்போம்.”

விண்ணப்பத்தில் நான் என் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தேன். உள்ளே போய்ப் பேனாவை எடுத்து வந்தேன்.