தாடிக்காரன் மறந்த வரி

என் தங்கச்சிக்கு வெப்சைட் செய்யக் கத்துக்குடுத்தது ஒரு தாடிக்காரன். நேர்ல பார்த்ததே இல்ல, லேப்டாப் வீடியோவுல வருவான். அவ வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையை மூடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ஆரம்பிச்சா. அவன் ஒரு வரி அடிப்பான். இவ வீடியோவை நிறுத்தி அதே வரியை அடிப்பா, மறுபடி ஓடவிடுவா. சாப்பாடு தட்டுலயே காய்ஞ்சு கிடக்கும்.

"அந்தாளு தும்மினா நீயும் தும்முவ போலிருக்கே!"ன்னு கேட்டுட்டேன். என் வாய் அப்படி.

"சும்மா இரு அக்கா, நீ வேற"ன்னு முறைச்சா.

அவ அவசரம் எனக்கும் தெரியும். வெப்சைட் செய்யுற வேலை ஒண்ணு கிடைக்கலைன்னா, வெளியூர்ல ஒரு வீட்டோட தங்கி நோயாளியைப் பார்த்துக்கப் போகணும், அஞ்சு வயசு மகளை என்கிட்ட விட்டுட்டு. பையைக்கூடக் கட்டி வாசல் பக்கம் வச்சுட்டா. அதைத் தாண்டிப் போறப்பல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்குவேன். குழந்தை என்னடான்னா அதுமேல ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டும்.

ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்க. பரீட்சை வீட்டுலேர்ந்தே, கேமரா முன்னாடி. பல் டாக்டர் ஒருத்தருக்கு ஒரு வெப்சைட் பக்கம் செஞ்சு காட்டணும், வீடியோ பார்க்கக்கூடாது. அந்தப் பக்கம் ஒரு மேடம் இவ ஸ்கிரீனையே கண்கொட்டாம பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் டிவி, மிக்ஸி எல்லாத்தையும் நிறுத்திட்டு, குழந்தையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சமையல்கட்டு வாசல்ல உட்கார்ந்தேன்.

விரல் பறந்துச்சு. அடிச்சு முடிச்சு பக்கத்தைத் திறந்தா, ஐயோ! கலர் இல்ல, கட்டம் இல்ல. வெள்ளையில கருப்பு எழுத்து, மளிகைச் சீட்டு மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்குது. அவ முகம் வெளிறிப்போச்சு. கை தானா போய் வீடியோவை ஓடவிடுற பட்டன்மேல நின்னுச்சு. எந்த வீடியோடி ஓடும்? போச்சு, எல்லாம் போச்சு. பாவிப்பய தாடிக்காரனை மனசுக்குள்ள திட்டித் தீர்த்தேன்.

அவ கண்ணை மூடினா. உதடு அசைஞ்சுது. அப்புறம் அடிச்சதோட உச்சிக்குப் போய் ஒரே ஒரு வரி சேர்த்தா. பக்கம் நீலமும் வெள்ளையுமா பளிச்சுன்னு வந்து நின்னுச்சு.

மேடம் விடல. "கஷ்டமான இடமெல்லாம் சுலபமாப் போட்டீங்க. கலர் ஃபைலை இணைக்கிற வரி முதல் பாடமாச்சே, அதைப் போய் எப்படி மறந்தீங்க?"

இவளுக்குப் பொய் வராது. "எங்க வாத்தியார் வீடியோவுல அங்கதான் மறந்தாரு மேடம். பக்கம் இப்படி வந்தப்புறம்தான் சேர்த்தாரு. அவரைப் பார்த்துப் பார்த்து அடிச்சதுல, மறக்கிறதும் கைக்குப் பழகிடுச்சு."

"மறந்துட்டு என்ன பண்ணாரு?"

"சிரிச்சாரு மேடம். எனக்குத்தான் சிரிப்பு வரல."

அந்தம்மாவும் சிரிக்கல. "நேரம் இருக்கு. இதை மூடிட்டு வேற ஒரு பக்கம் முதல்லேர்ந்து ஆரம்பிங்க"ன்னாங்க.

இவ நிமிர்ந்து உட்கார்ந்தா. எடுத்த எடுப்புல அந்த வரியைத்தான் அடிச்சா.

மறுநாள் போன் வந்துச்சு, வேலைக்குச் சேரச் சொல்லி. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதோம். அவ கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள நான் பையைப் பிரிச்சுத் துணியையெல்லாம் அலமாரியில அடுக்கிட்டேன்.

காலிப் பையைப் பார்த்துட்டுக் குழந்தை ஓன்னு அழுதுச்சு. அதோட குதிரை போச்சாம்.