மதிய பஸ்ஸில் வரும் சிஸ்டர்

காரைக்கால் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்தபோதுதான் அந்தக் கன்னியாஸ்திரியைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, வெளுத்துப்போன சாம்பல் நிறச் சேலை. மதியமானால் அம்பகரத்தூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். வார்டு வாசலில் ஒரு கணம் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பக்கத்துக் கட்டிலில் கேட்பாரற்றுக் கிடந்த பெரியவருக்கு வாய்ப்புண்ணைத் துடைத்துக் கஞ்சி ஊட்டுவார். பெரியவரோ கண்டபடி திட்டி, கஞ்சியைச் சிஸ்டர் மேலேயே துப்புவார்.

“எதுக்கு சிஸ்டர் இந்தப் பாடு? மீன் விக்கிற நாங்களே இந்தப் பேச்சைத் தாங்க மாட்டோம்,” என்றேன்.

“ஆண்டவர் என்னைக் கூப்பிட்டாருன்னு சின்ன வயசுல பெருமையா இருந்துச்சும்மா. இப்ப பயமா இருக்கு. இவரை விட்டுட்டா, உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு கேப்பாருல்ல?”

ஒருநாள் அடைமழையில் பஸ் ஓடவில்லை. பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டு, “அந்தம்மா வரலையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

மறுநாள் சிஸ்டர் வெறுங்கட்டில் முன்னால் நின்றார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, பெரியவர் கேட்டதைச் சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்தபடி சிஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நடந்தாவது வந்திருக்கணும்மா.”

சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால், சொல்லாமல் விட்டிருந்தால், பெரியவர் கடைசியில் தேடியது தன்னைத்தான் என்பது சிஸ்டருக்குத் தெரியாமலே போயிருக்கும்.