மணி அடித்த பிறகு மார்க்

வெள்ளியங்கிரி வேப்பமரத்தடியில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பின்னால் நாச்சிமுத்து வாத்தியார் முப்பது குழந்தைகளை நிறுத்தி வைத்துத் தொண்டை கிழிய எண்ணிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு அது தேர்வு. மார்க் போட வேண்டியவரோ ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரில் மாஸ்டர்களுக்கே டிரில் மாஸ்டர் என்றால் முறுக்கு மீசையை எதிர்பார்ப்போம். வெள்ளியங்கிரி ஒல்லி, முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஊதல் இல்லை. காதில் பென்சில், காலில் வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸ். அதற்கு எப்போதும் இரட்டை முடிச்சு. தாமே ஆட இறங்கும்போது மட்டும் கழற்றுவார். "வெறுங்கால் புள்ளைங்க நடுவுல பூட்ஸோட ஓடுனா, மிதிபடறது அதுங்க காலுதானுங்க" என்பார். சூரமங்கலத்தில் ரயில் கூவினால் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

அவரிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். கெங்கவல்லியிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் வருகிற, இருபது வருஷம் பிரம்பை நம்பிப் பிழைத்த வாத்தியார்கள். முதல் நாளே அந்தப் பிரம்புகளை வாங்கிப் பள்ளித் தோட்டத்து அவரைக் கொடிக்கு ஊன்றிவிடுவார். "புள்ளைய ஓட வெக்கறது பெரிசில்லீங்க. ஓடோணும்னு அதுக்கே தோணோணும்."

மார்க் போடுவதிலும் அவர் வழி தனி. "மணி அடிக்கற வரைக்கும் நமக்குப் பயந்து ஆடுவாங்க. மணி அடிச்ச பொறவும் ஆடுனா, அதுதானுங்க நீங்க சொல்லிக் குடுத்தது." சாயங்கால மணி அடித்த பிறகுதான் மைதானத்தைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். கடிகாரத்தில் பத்து நிமிஷம். அதற்குள் மைதானம் காலியாகிவிட்டால் தோல்வி. "அவரு பூட்ஸக் கழட்டிப்போட்டாருன்னா கேக்கவே வேண்டாமுங்க, பாஸு" என்று விடுதியில் பேசிக்கொள்வார்கள்.

நாச்சிமுத்து போன வருஷம் தோற்றவர். இந்தத் தடவையும் சர்ட்டிபிகேட் இல்லாமல் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஊர்ப் பள்ளிக்கூட மானேஜர் சொல்லியனுப்பியிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குமேல் எங்கே போய் வேலை தேடுவது? ஆகவே காலையிலேயே குழந்தைகளிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார்.

தண்டவாளத் துண்டில் மணி அடித்தது. வெள்ளியங்கிரி திரும்பினார். ஒரு குழந்தைகூடப் போகவில்லை. முப்பதும் வரிசை குலையாமல், கை விறைக்க, வெயிலில் நின்றன.

எழுந்து போய் முன்வரிசையில் நின்ற பெருமாயியிடம் குனிந்தார். "ஏஞ்சாமி, ஊட்டுக்குப் போகலியா?"

"மணி அடிச்சாலும் போகக்கூடாதுன்னு வாத்தியார் சொல்லிப்போட்டாருங்க. எருமைக்குத் தண்ணி காட்டோணும். எப்பங்க உடுவீங்க?"

மார்க் போட வெள்ளியங்கிரியின் காதிலிருந்து பென்சில் இறங்கியது. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்து குழந்தைகள் பக்கம் திரும்பினார்.

"போங்க சாமி. அல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

குழந்தைகள் பறந்தன. புழுதியில் ஒரு துணிப்பந்து மட்டும் கிடந்தது. பேய்ப்பந்து ஆடக் கொண்டுவந்தது. பந்து வைத்திருப்பவர் பேய். அடிபட்டவர் அடுத்த பேய். இவ்வளவு எளிய ஆட்டத்தையும் பாட நேரத்தில் நம்பர் கூப்பிட்டு, முறை வைத்து ஆடவிட்டிருந்தார் நாச்சிமுத்து. இப்போது பந்தைத் திருப்பி ஒப்படைக்கக் குனிந்து எடுத்தார்.

வெளிவாசலில் பெருமாயி நின்றுவிட்டாள்.

"வாத்தியாரே, பந்து உங்க கையில இருக்குது. இப்ப நீங்கதானுங்க பேய்."

"போ புள்ளே. எருமை காத்துட்டிருக்கும்."

"எருமை இருக்கட்டுங்க. உங்களுக்குக் குறி வெக்கத் தெரியாது, அதைச் சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது. தெருவுக்குப் போன தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே நீண்டன. நாச்சிமுத்து வெள்ளியங்கிரியைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போவது போகட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டி, ஓங்கி வீசினார். பந்து யார்மேலும் படாமல் மதிலில் மோதி உருண்டது. மைதானம் ஒரே கூச்சலாகச் சிதறியது. பெருமாயி பந்தைப் பொறுக்கிக்கொண்டு வாத்தியாரையே துரத்தினாள். நாச்சிமுத்து ஓடினார், இரைக்க இரைக்க, சிரித்துக்கொண்டே.

வெள்ளியங்கிரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மார்க் நோட்டை வேப்பமரத்தடியில் வைத்தார். பென்சிலை அதன்மேல் வைத்தார். பிறகு ஒரு காலை மடித்து மண்டியிட்டு, பூட்ஸின் இரட்டை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.