கவுண்டருக்கு இந்தப் பக்கம்

நகராட்சி அலுவலகத்தின் புகார் கவுண்டரில் இருந்தவரை எல்லோரும் ‘பார்க்கலாம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சாக்கடை அடைத்துக்கொண்டது என்றாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரே சொல். ஆனால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. யார் காலையாவது பிடித்து வேலையை முடித்துவிடுவார். அதனால் பட்டப்பெயரில் அவருக்கு வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அலுவலக மாடியில் புதிதாக ஒரு பிரிவு வந்தது. மறதி நோய் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் உதவுவதற்கான பிரிவு. பகலில் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம், கூட்டிப்போகக் கொண்டுவந்துவிட வேன், வீட்டுக்கே வருகிற பணியாளர் எல்லாம் உண்டு. அதைக் கவனிக்க வந்த பெண், டீ நேரத்தில் கீழே இறங்கி வருவாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல யாராவது இருந்தா அனுப்புங்கண்ணே. நிறையப் பேர் மூடி மூடி வெக்கறாங்க.”

“மேல்மாடி காலியானவங்களுக்கு மேல்மாடியிலயே ஆபீஸ் போட்டிருக்காங்க, பொருத்தம்தான்” என்றார் பார்க்கலாம். கவுண்டர் வரிசையே சிரித்தது. அவள் மட்டும் டீயைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பிரிவுக்கு ‘காலி மாடி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அதே நாள் காலையிலும் அவர் மனைவியை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஒரு விசில் ஊதினால் மைதானமே கப்சிப் ஆகிவிடும். இப்போதும் உடம்பு கட்டுவிடவில்லை. ஞாபகம்தான் ஓட்டைப் பையிலிருந்து ஒழுகுவது மாதிரி ஒழுகிக்கொண்டே போனது. முதலில் பால் பொங்கிப் போனது. பிறகு குளியலறை எது என்று தெரியாமல் போனது. வெளியூரிலிருந்து மகள் போன் செய்தால், “அம்மா குளிக்கிறா”, “அம்மா தூங்கறா” என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். ஆபீஸில், அவளுக்கு முட்டிவலி, அதனால் வெளியே வருவதில்லை என்று சொல்லிவைத்திருந்தார். கூட வேலை செய்பவர்கள் யாரும் அவளைப் பார்த்ததே இல்லை. ஊரே மெச்சிய டீச்சரை ஊர் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒரு மதியம் கூடத்தில் சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தார். மாடிப்பெண் ஒரு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். கசங்கிய நைட்டி. ஒரு காலில் அவருடைய செருப்பு, இன்னொரு காலில் அவளுடையது. அவர் மனைவி.

“சிக்னல்ல நடுரோட்டுல நின்னு வண்டியெல்லாம் வரிசையில வரச் சொல்லிட்டிருந்தாங்க. இவங்களை யாருக்காவது தெரியுமா?” என்று மாடிப்பெண் பொதுவாகக் கேட்டாள்.

பக்கத்துக் கவுண்டர்காரர், “காலி மாடி கேஸு போல” என்று அவர் காதில் கிசுகிசுத்தார். பார்க்கலாம் தலையைக் குனிந்து கீபோர்டையே பார்த்தார்.

மனைவி நேராக அவர் கவுண்டருக்கே வந்து நின்றாள்.

“சார், எங்க வீட்டுக்காரர் இங்கதான் வேலை பாக்கறார். கொஞ்சம் கூப்பிடறீங்களா?”

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். கூடம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு தானாகவே பழகிய தடத்தில் போனது.

“அவர் பேரு என்னம்மா?”

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தாள். “நல்ல மனுஷர் சார்” என்றாள் கடைசியில். “நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்.”

“மேல கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க, பார்க்கலாம்” என்றார் மாடிப்பெண்ணிடம்.

அவர்கள் படியேறிப் போனார்கள். அடுத்தவர் வந்து குடிநீர்க் குழாய் உடைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. முகம் கொதித்தது. யாரோ அறைந்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது, ஆனால் அறைந்தவர் யாரும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அந்தப் படிகளில் அதுவரை அவர் ஏறியதே இல்லை.

மாடியில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்பெண் அவளுடைய விரல் முட்டிகளில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து சதை தெரிந்தது.

“எதையோ ரொம்ப நேரம் தட்டியிருக்காங்கண்ணே.”

“கதவை” என்றார் அவர். “நான்தான் பூட்டிட்டு வந்தேன். சமையக்கட்டு ஜன்னல் வழியா குதிச்சிருப்பா. இவ என் சம்சாரம்.”

மாடிப்பெண்ணின் கை ஒரு நொடி நின்றது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் பஞ்சை மாற்றிக்கொண்டு, “உட்காருங்கண்ணே, அக்கா கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்றாள்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். அவள் அழுதாள். “என்கிட்ட எதுக்குப்பா மறைச்சீங்க?” என்று கேட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து வேன் வந்தது. காப்பகத்தில் அவள் எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொன்னாள். தூக்காதவர்களை முறைத்தாள். பணியாளர்களே அவளுக்குப் பயந்தார்கள். வீட்டார் கூடிப் பேசும் கூட்டத்துக்கு அவரும் போனார். முதல் முறை வாயே திறக்கவில்லை. அடுத்த முறை பூட்டைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர், தானும் அப்படிச் செய்ததுண்டு என்றார். பாரம் கொஞ்சம் இறங்கியது. கவுண்டரில் அவள் வந்து நின்றதையும், தான் பேர் கேட்டதையும் மட்டும் எந்தக் கூட்டத்திலும் அவரால் சொல்ல முடியவில்லை.

மாடிப்பெண்ணுக்கு அது தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவள். அதைப் பற்றி ஒருநாளும் அவள் பேச்செடுத்ததில்லை. இப்போதும் டீ நேரத்தில் இறங்கி வந்து, “அக்கா இன்னிக்கு நல்லா சாப்பிட்டாங்கண்ணே” என்பாள். அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.